மேனுகாவின் புது அட்டைகள்

நிலோஜன் நல்லதென்று நினைத்துத்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களில் பாதிப்பேருக்கு அவன்மேல் கோபம் வரும். மீதிப்பேருக்கு அவன் பெண்சாதிமேல் வரும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. நிலோஜனுக்கும் தக்ஷாயினிக்கும் ஒரே பிள்ளை மேனுகா. எட்டு வயது. பிறக்கும்போதே டவுன் சிண்ட்ரோம். பழுகாமத்தில், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஒரு பாடவேளைக்கு மட்டும் மேர்லின் ரீச்சர் அவளைத் தனியாக இருத்தி வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஆனா, ஆவன்னா என்று தொடங்கும் படிப்பு இல்லை அது. ஒரு முழுச் சொல்லை அட்டையில் எழுதிக் காட்டுவது, சொல்லுவது, மறுபடி காட்டுவது. கண்ணால் பார்த்துப் பிடிப்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சுலபம், எழுத்துகளைப் பிறகு பிரித்துக் காட்டலாம் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். தக்ஷாயினி பிஸ்கட் பெட்டியை வெட்டி அட்டை செய்து, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு கட்டுத்தான் புத்தகப் பையில் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும். மேனுகா ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பாள். தக்ஷாயினி அதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

இன்றைக்கு வலயக் கல்விக் கந்தோரிலிருந்து நஸீறா மிஸ் வருகிறார். மேனுகா வாசிப்பதைப் பார்த்து அவர் திருப்திப்பட்டால் பிள்ளை அதே வகுப்பில் இருப்பாள். இல்லையென்றால் மட்டக்களப்பு டவுனில் இப்படியான பிள்ளைகளுக்கென்று உள்ள ஒரு விடுதிதான். நிலோஜனின் அக்கா புஸ்பம் அங்கே இடம் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்காகத் தினமும் போன் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

விடியும்போது நிலோஜன் வயல் வட்டையிலிருந்து வந்தான். அறுவடைக் காலம், யானைக் காவல். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. சேட்டுக்குள்ளிருந்து ஒரு பார்சலை எடுத்தான்.

"இஞ்ச பாரு தக்ஷா. மிஸ்ஸுக்கு முன்னால அந்த ஊத்தை அட்டையளயா காட்டுற? நேத்து களுவாஞ்சிகுடிக்குப் போய் எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல அடிச்சு, லெமினேட் பண்ணிட்டு வந்திரிக்கன்."

அட்டைகள் பளபளத்தன. எழுத்துகள் பெரிதாக, கறுப்பாக, ஒரே அளவாக இருந்தன. தக்ஷாயினிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. புருசனுக்குத் தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டாள். பிறகு பிள்ளையை எழுப்பிக்கொண்டு வந்து மடியில் இருத்தினாள்.

"மகள், அப்பா என்ன கொண்டு வந்திரிக்கார் பாருங்க. இது என்ன, சொல்லுங்க?"

சோறு என்ற அட்டை. மேனுகா பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

"இல்ல மகள். வடிவாப் பாருங்க. சரி, இது?"

அது அப்பா.

"பூனை."

நிலோஜன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னைப் பூனை எண்டுறாள், கேட்டியா?"

தக்ஷாயினி சிரிக்கவில்லை. அம்மா என்ற அட்டையை எடுத்து நீட்டினாள். அது மேனுகா முதன்முதலாகப் படித்த சொல். மேனுகா நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் அம்மா சந்தோசப்படுவாள் என்று தேடுகிற பார்வை அது.

"புதுசு, பழக்கமில்ல. பழசத் தாங்க" என்றாள் தக்ஷாயினி.

"பழசு எதுக்கு? ராத்திரிக் காவல் நெருப்புல போட்டுட்டன்."

"என்ன?"

"ஊத்தைதானே..."

"அவள்ட படிப்பையெல்லாம் எரிச்சிட்டு வந்து நிக்கிறீங்களா? மாசக்கணக்கா நான் பட்ட பாடு! இண்டைக்கு அந்த மனிசி வருது, இண்டைக்குத்தான் உங்களுக்குக் கொம்பியூட்டர் தேவைப்பட்டிச்சா? என்ட புள்ள விடுதிக்குப் போச்சுதெண்டா அது உங்களாலதான்!"

மேனுகா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

நிலோஜன் புது அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் யோசித்தான்.

"தக்ஷா, அதே சொல்லுத்தானே அடிச்சிரிக்கு? கடதாசி மாறினா வாசிக்க ஏலாதா? அப்ப இவ்வளவு நாளும் அவள் வாசிக்கல்லயே."

"வாய மூடுங்க."

"வயலுக்கு வெட்டு மெசின் வந்திரும். நான் போறன்." தேத்தண்ணியை வாயில் வைக்காமல் மோட்டசைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னது தக்ஷாயினியின் காதைவிட்டுப் போகவில்லை. குசினிக்குள் போனாள், வெளியே வந்தாள், மறுபடி போனாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

பழைய அட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. சோறு அட்டையில் ஒரு மஞ்சள் கறை. சாப்பிட்டுக்கொண்டே படித்த நாளில் விழுந்தது. அம்மா அட்டைக்கு ஒரு மூலை இல்லை, பிள்ளை கடித்துவிட்டாள். அப்பா அட்டை நடுவில் மடிந்தது. பூனையில் பேனை மை ஊறியிருந்தது. கட்டுக்குள் இருந்த அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு அடையாளம். எழுத்தை யார் பார்த்தது? பிள்ளை கறையைப் பார்த்துச் சோறு என்றிருக்கிறாள். மூலையைப் பார்த்து அம்மா என்றிருக்கிறாள்.

தக்ஷாயினி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிறகு எழும்பிக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

அம்மா அட்டையின் மூலையை நறுக்கினாள். அப்பாவை முறித்து மடித்தாள். பூனையின் ஓரத்தில் மார்க்கர் பேனையால் குத்தினாள். சோறு அட்டையில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். வழுக்கு அட்டையில் அது சரியாக ஒட்டவில்லை, இரண்டு தரம் பூசிக் காயவைத்தாள். அடையாளம் நினைவுக்கு வந்த எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். நினைவுக்கு வராதவற்றைக் கட்டின் அடியில் தள்ளினாள்.

"மகள், இப்ப சொல்லுங்க?"

"சோறு! அம்மா! பூனை!" மேனுகா தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

பிழை என்று தெரிந்துதான் தக்ஷாயினி இதைச் செய்தாள். நான் அவளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பிள்ளையைப் பிரிய வேண்டிவரும் என்ற நாளில் கத்தரிக்கோலைத் தொடாமல் இருப்பேன் என்று சத்தியம் பண்ணக்கூடியவர்கள் மட்டும் அவளைத் திட்டுங்கள்.

பள்ளிக்கூடத்தில் அதிபர் நல்லரத்தினம் கேற்றுக்கும் கந்தோர் அறைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். யாராவது மேலிடத்திலிருந்து வருகிறார்கள் என்றால் மட்டும் முட்டையிட இடம் தேடும் கோழிபோல ஆகிவிடுவார்.

நஸீறா மிஸ் சத்தமில்லாமல் வந்தார். வகுப்புக்குள் போய்ப் பின்வாங்கில் இருந்து, மேனுகா பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து படம் கீறுவதைப் பார்த்தார். மேனுகா எழும்பி வந்து அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். நஸீறா சிரித்துவிட்டார். யன்னலுக்கு வெளியே நின்ற தக்ஷாயினிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு நூலக அறையில் நாலு பேரும் இருந்தார்கள். நஸீறா, மேர்லின் ரீச்சர், தக்ஷாயினி, மேனுகா. அதிபர் கதவடியில் நின்றார்.

"அட்டையெல்லாம் பளபளப்பா இரிக்கே" என்றார் நஸீறா.

"அவங்கட அப்பா செஞ்ச" என்றாள் தக்ஷாயினி.

நஸீறா மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மேனுகா தயங்கவேயில்லை. சோறு, அம்மா, பூனை, பால், அப்பா. மேர்லின் ரீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நஸீறாவின் விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்ட கையோட படிக்கிற போல" என்று சொல்லிச் சேலைத்தலைப்பில் துடைத்தார்.

"காணும், காணும். மாஷா அல்லாஹ். வடிவா வாசிக்கிறா" என்று மிச்ச அட்டைகளைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப வகுப்பிலேயே இருக்கலாம்தானே மிஸ்?" என்றார் அதிபர்.

"தாராளமா."

தக்ஷாயினி கண்ணை மூடினாள். முடிந்தது. வென்றாகிவிட்டது.

நஸீறா மேர்லின் பக்கம் திரும்பினார். "ரீச்சர், இவ்வளவு சொல்லு தெரிஞ்ச புள்ளைக்கு இனித் தனிப் பாடவேளை எதுக்கு? வகுப்போடயே போகட்டும். உங்கட அந்த நேரத்த வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கு மாத்தி விடுறன். அங்க ஒரு புள்ள ஒரு சொல்லும் தெரியாம இரிக்கி. அந்தப் புள்ளைக்குத்தான் உங்கட உதவி வேணும்."

மேர்லின் தலையாட்டினார். மனமில்லாமல்தான். ஆனால் நியாயமான பேச்சுக்கு என்ன மறுப்புச் சொல்வது?

தக்ஷாயினி மேனுகாவைப் பார்த்தாள். இனி அவள் பின்வாங்கில் சிரித்துக்கொண்டே இருப்பாள். மூன்றாம் ஆண்டு, நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு. எல்லோரும் அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனாலேயே யாரும் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். இந்த ஒரு பாடவேளைதான் பிள்ளைக்கு இருந்தது. அதைத் தாய் தன் கையாலேயே வெட்டிவிட்டாள்.

சொன்னால் வகுப்பு போகும். சொல்லாவிட்டால் படிப்பு போகும்.

"மிஸ், பொய்" என்றாள்.

"என்ன பொய்?"

"அவளுக்கு இதுகள் வாசிக்கத் தெரியா. அட்டையில அடையாளம் வெச்சிரிக்கன். காலையில. அந்த மஞ்சள் நான் பூசின." அவள் அழத் தொடங்கிவிட்டாள். "பழைய அட்டையில இருந்த கறையப் பாத்துத்தான் இவ்வளவு நாளும் சொல்லியிரிக்காள். எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

அதிபர் ஒரு தரம் செருமினார்.

"என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார் மேர்லின். பிறகு, "நானும்தான் பாக்கல்ல. ஒரே கட்ட வெச்சே படிப்பிச்சிட்டன். வேற கையால, வேற தாள்ல எழுதிக் காட்டியிருக்கோணும்" என்றார்.

நஸீறா எவரையும் ஏசவில்லை. அட்டைகளை மறுபடி எடுத்தார். இந்த முறை அடையாளத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு காட்டினார்.

"இது?"

"பால்."

சோறு அது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் பிழை. மேனுகாவுக்கு அலுப்பு வந்துவிட்டது. நஸீறாவின் பெருவிரலைப் பிடித்து இழுத்தாள். "கைய எடுங்க மிஸ். தெரியல்ல."

தக்ஷாயினி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு பிழையும் அவளுக்கு அடி விழுவதுபோல இருந்தது.

அடியில் கிடந்த அட்டைகளும் வந்தன. மேனுகா யன்னலைப் பார்த்தாள். கடைசி அட்டையை நஸீறா எடுத்தபோது அவள் பாதி திரும்பியிருந்தாள்.

"பள்ளிக்கூடம்" என்றாள்.

நஸீறாவின் கை நின்றது. அட்டையிலும் அதுதான் எழுதியிருந்தது. அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். மறைப்பதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை.

"இதில என்ன வெச்சிங்க?"

"ஒண்டும் வெக்கல்ல மிஸ்! அது ரீச்சர் போன கிழமைதான் சொல்லிக்குடுத்த. பழைய அட்டையிலயும் ஒண்டும் இருக்கல்ல."

நஸீறா எழும்பிக் கரும்பலகைக்குப் போனார். சோக்கால், சின்ன எழுத்தில், பல சொற்களுக்கு நடுவே அதை எழுதி, "பள்ளிக்கூடம் எங்க இரிக்கு?" என்றார். மேனுகா போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். அழித்துவிட்டு வேறு இடத்தில் எழுதினார். அங்கேயும் கை போனது. பிறகு நஸீறா ஒரு குறும்புத்தனம் செய்தார். பள்ளிவாசல் என்று எழுதி, "இதுதானே?" என்று கேட்டார்.

மேனுகா கிட்டப் போய்ப் பார்த்தாள். மூக்கு பலகையில் முட்டியது. பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல. அது வேற."

மேர்லின் ரீச்சர் வாய்விட்டு அழுதுவிட்டார். எல்லோரும் நீளமான சொல் பிள்ளைக்குக் கஷ்டம் என்று நினைத்திருந்தார்கள். அந்த நீளம்தான் அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது.

"உம்மா, இஞ்ச பாருங்க" என்றார் நஸீறா தக்ஷாயினியிடம். "புள்ள கறையத்தான் படிச்சா. நாம கறையோட குடுத்தம், அவ அதைப் படிச்சா. அவவில ஒரு பிழையும் இல்ல. இந்தச் சொல்ல கறையில்லாமக் குடுத்தீங்க, சொல்லாவே படிச்சிட்டா. இந்தத் தவணை முடியுமட்டும் வகுப்பிலயும் இருக்கட்டும், ரீச்சர்ட நேரமும் இருக்கட்டும். தவணை முடிய நான் திரும்ப வருவன். எனக்கு ஒரு சொல்லு மட்டும் காணாது, இன்னும் வேணும். நான் கொண்டுவாற அட்டையில வாசிக்கோணும். நீங்க அறைக்கு வெளியில நிக்கோணும்."

"நிக்கிறன் மிஸ்."

"காலையில செஞ்சது பெரிய பிழை, தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

வீட்டுக்கு நடக்கும்போது தக்ஷாயினிக்கு ஓட வேண்டும்போல இருந்தது. நிலோஜனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதுதான் சரி, ஆனாலும் ஒரு சொல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். காலையில் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். மேனுகா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வழியெல்லாம் பாட்டுப் பாடினாள்.

வாசலில் ஒரு ஓட்டோ நின்றது.

உள்ளே புஸ்பம் இருந்தாள். பக்கத்தில் ஒரு புதுப் பை. நிலோஜன் வட்டைச் சேறு காயாத காலோடு கதவில் சாய்ந்து நின்றான்.

"நான்தான் அக்காவ வரச் சொன்னன்" என்றான் அவன். "வெட்டு மெசினுக்குப் பின்னால நடக்கக்குள்ள முழுக்க இதே யோசினை. நாம நம்மள ஏமாத்திட்டு இரிக்கம் தக்ஷா. இடத்த இண்டைக்கே எடுக்காட்டி வேற ஆளுக்குக் குடுத்திருவாங்களாம். ஓமெண்டு சொல்லிட்டன்."

"அவள் ஒரு சொல்லு வாசிச்சாள்! பலகையில, மிஸ் எழுதி! தவணை முடியுமட்டும் வகுப்பில இருக்கலாம் எண்டு சொல்லிட்டாங்க!"

"நேத்து எல்லாச் சொல்லும் எண்டாய். இண்டைக்கு ஒண்டு எண்டுறாய்." அவன் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "நான் எதை நம்புற?"

அவள் வாய்க்கு இருந்த மதிப்பை அவளேதான் அழித்திருந்தாள்.

"நான் கல்நெஞ்சுக்காரி இல்லகா" என்றாள் புஸ்பம். "உங்க ரெண்டு பேருக்கும் பிறகு அவள ஆரு பாப்பாங்க? அங்க தைக்கப் பழக்குவாங்க, சமைக்கப் பழக்குவாங்க. ஒரு துணை இரிக்கும்."

"மச்சாள், இது என்ட சீதன வீடு. எனக்குப் பிறகு அவள்டதான். அவளுக்கு இருக்க இடமில்லையா?"

"வீடு உன்ட வீடு" என்றான் நிலோஜன். "புள்ள எனக்கும் புள்ள."

இனிப் பேசி இவர்களை வெல்ல முடியாது என்று தக்ஷாயினிக்குத் தெரிந்தது. ஒரு வழிதான் இருந்தது.

"அப்ப அவளிட்டயே கேளுங்க. அவள் மாட்டன் எண்டா விடணும். சத்தியம் பண்ணுங்க."

நிலோஜன் அக்காவைப் பார்த்தான். புஸ்பம் தலையாட்டினாள். அவன் மகளுக்கு முன்னால் குந்தினான்.

"மகள், மாமியோட டவுனுக்குப் போய் இருக்கப் போறீங்களா?"

"ஓம்!" என்றாள் மேனுகா.

யோசிக்கவேயில்லை. முகம் மலர்ந்துவிட்டது. ஓட்டோவில் போவது அவளுக்கு உயிர். சப்பாத்தை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, யாரும் பிடிப்பதற்குள் வாசலுக்கு ஓடி ஓட்டோவில் ஏறினாள். ஏறி ஒரு ஓரமாகத் தள்ளி இருந்துகொண்டு, பக்கத்து இருக்கையைத் தட்டினாள்.

"அம்மா, வாங்க. இதில இரிங்க." பிறகு இன்னும் கொஞ்சம் ஒடுங்கினாள். "அப்பாவும் வாங்க. இடம் இரிக்கு."

நிலோஜன் குந்திய இடத்தைவிட்டு எழும்பவில்லை.

"நாம வரல்ல எண்டு அவளுக்கு ஆரு சொல்லுற?" என்று கேட்டான்.

மேனுகா இருக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.